மூன்றாமிடம் கேட்ட பிள்ளை: மஜீத் மஜீதியின் ‘வானத்துப் பிள்ளைகள்’

சென்ற வருடம் ஒரு பரிசளிப்பு விழாவில் உட்கார்ந்திருந்தேன. பிரதம பேச்சாளர் பிள்ளைகளைப் பார்த்து ஓர் ஈரானியப் படத்தின் கதையைச் சொன்னார். ஒழுங்கான சப்பாத்து இல்லாத ஒரு பையன். வீட்டில் கஷ்டம். ஆனாலும் மனம் தளரவில்லை, ஓட்டப் போட்டியில் முதலாமிடம் வந்தான். “அப்ப உங்களுக்கு என்ன குறை? வறுமைய ஒரு சாட்டாச் சொல்லாதீங்க மக்கள்” என்று முடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும்தான் தட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் உறைத்தது: அவர் சொன்ன கதை அந்தப் படத்தில் இல்லை. பையன் முதலாமிடம் வருவது உண்மை. ஆனால் வந்தபிறகு அவன் அழுகிறான். அவனுக்கு வேண்டியிருந்தது மூன்றாமிடம்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கைதட்டல்தான். நெருக்கடிக்குப் பிறகு ‘தாங்கும் திறன்’ என்றொரு சொல் எங்கள் செயலமர்வுகளிலும் மேடைகளிலும் நன்றாகப் புழங்குகிறது. பிள்ளைகளிடம் அது இருக்க வேண்டும், நாம் அதை வளர்க்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு உதாரணமாகக் காட்டப்படும் படங்களில் மஜீதியின் இந்தப் படத்துக்கு முதலிடம். படம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை ஆறுதலாகப் பார்த்துவிட்டு அந்த உதாரணத்தைச் சொன்னால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் இதைச் சுவர்க்கத்தின் பிள்ளைகள் என்ற பொருள்படப் பெயர்த்தார்கள். அதைப் பார்த்துத் தமிழிலும் அப்படியே எழுதுகிறோம். பாரசீகத்தில் ‘பச்செஹா-யெ ஆஸ்மான்’. ஆஸ்மான் என்றால் வானம். உருதுக் கஸீதாக்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சொல் புதிதல்ல. சுவர்க்கத்துக்குப் பாரசீகத்தில் ‘பெஹெஷ்த்’ என்று தனிச் சொல் இருக்கிறது, மஜீதி அதைப் பாவிக்கவில்லை. அவருடைய அடுத்த படத்துக்கும் இதுவே நடந்தது. ‘ரங்-கெ ஃகுதா’, அதாவது இறைவனின் நிறம், வெளியுலகில் சுவர்க்கத்தின் நிறமாயிற்று. சுவர்க்கம் என்று சொன்னவுடன் கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு மறுமையில் கூலி கிடைக்கும், நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பலாம் என்றாகிவிடுகிறது. வானம் அப்படி ஒரு வாக்குறுதியும் தருவதில்லை, அதன் கீழேதான் எல்லோரும் இருக்கிறோம். ஆகவே நான் இதை ‘வானத்துப் பிள்ளைகள்’ என்றே எழுதுகிறேன்.

படம் 1997இல் வந்தது. அதே வருடம் மொன்றியல் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்த முதலாவது ஈரானியப் படமும் இதுதான். 1999 மார்ச்சில் நடந்த விழாவில் இத்தாலியரான ரொபேர்ட்டோ பெனீனியின் படம் அந்த விருதைக் கொண்டுபோயிற்று. நம்மில் பலருக்கு மஜீதியின் பெயர் 2015இல் நபியவர்களின் இளமைப் பருவத்தை வைத்து அவர் எடுத்த பெரும் செலவுப் படத்தால்தான் தெரியும். அதைச் சுற்றி எழுந்த சர்ச்சையில் ஏ. ஆர். ரஹ்மானும் அகப்பட்டார். அந்தப் படத்தைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. இந்தச் சின்னப் படத்தின் செலவு அதன் சாப்பாட்டுச் செலவுக்குக்கூடக் காணாது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெற்குத் தெஹ்ரானில் ஒரு வறிய குடும்பம். ஒன்பது வயது அலி, தங்கை ஸஹ்ராவின் இளஞ்சிவப்புச் சப்பாத்தைத் தைக்கக் கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறான். வழியில் மரக்கறிக் கடையில் உருளைக்கிழங்கு வாங்கப் போனபோது, வெளியே வைத்த பையைக் குப்பை என்று நினைத்து ஒருவர் வண்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். உம்மா சுகமில்லாதவர், கைக்குழந்தை வேறு. வீட்டு வாடகை பாக்கி. வாப்பாவிடம் சொன்னால் அடி விழும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், சப்பாத்து வாங்க அவரிடம் காசு இல்லை என்பது. ஆகவே பிள்ளைகள் இருவரும் ஓர் உடன்படிக்கைக்கு வருகிறார்கள். காலையில் ஸஹ்ரா அலியின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போவாள். பாடசாலை விட்டதும் ஓடி வருவாள். சந்தில் காத்திருக்கும் அலி அதை மாட்டிக்கொண்டு பகல் பாடசாலைக்கு ஓடுவான்.

இந்த ஏற்பாடு கதைக்காக ஒட்டவைத்த ஒன்றல்ல. ஈரானின் சனத்தொகை 1976இல் ஏறத்தாழ 3 கோடி 40 இலட்சம். 1986இல் அது 4 கோடி 90 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 1980 முதல் 1988 வரை ஈராக்குடன் யுத்தம். அந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகள் பாடசாலைக்கு வரும்போது கட்டடம் போதவில்லை, ஆகவே காலையில் ஒரு தொகுதி, பகலில் இன்னொரு தொகுதி என்று நடத்தினார்கள். 1995இல் பணவீக்கம் 50 வீதத்தை அண்மித்தது. படத்தில் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் ஒரு சோடிச் சப்பாத்தில் இரண்டு பிள்ளைகள் படிக்கலாம் என்ற எண்ணத்தை அந்தக் காலத்து ஈரான்தான் அந்தச் சின்னத் தலைகளுக்குள் போட்டிருக்கிறது. இரண்டு வேளைப் பாடசாலை இல்லாவிட்டால் இந்தப் படமே இல்லை.

மஜீதி இதை எப்படிக் காட்டுகிறார் என்பதற்கு முதற்காட்சியே போதும். பெயர்கள் ஓடும்போது திரை முழுவதும் ஒரு சப்பாத்துத் தைப்பவரின் கைகள். நூலை மெழுகி, ஊசியால் குத்தி, இழுத்து, பசை தடவி, கிழிந்துபோன ஒரு சின்னச் சப்பாத்தை ஒப்பேற்றுகின்றன. அவசரமே இல்லை. புதிதாக வாங்க வழியில்லாத வீட்டில் ஒரு பொருள் எத்தனை தடவை உயிர்பெறும் என்பதை வார்த்தை இல்லாமல் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு கமரா பெரும்பாலும் பிள்ளைகளின் உயரத்தில், பல நேரம் அதற்கும் கீழே, கால்களின் மட்டத்தில் இருக்கிறது. பாடசாலைக் காலைக்கூட்டத்தில் ஸஹ்ரா நிற்கும்போது நாம் பார்ப்பது வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் சப்பாத்துக்களைத்தான். அவள் அவற்றைத்தான் பார்க்கிறாள். நகரத்துத் தெருக்களில் பல காட்சிகளை மக்களுக்குத் தெரியாமல் கமராவை மறைத்துவைத்துத்தான் எடுத்தார்கள். ஓடும் பிள்ளைகளைத் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் போவது அதனால் நடிப்பல்ல.

அலியும் ஸஹ்ராவும் கொப்பியில் எழுதிப் பேசிக்கொள்ளும் இரவுக் காட்சிதான் படத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். ஒரே அறை. வாப்பா அங்கேயே இருக்கிறார். உம்மாவும் அங்கேயே இருக்கிறார். பிள்ளைகள் வீட்டுவேலை செய்வதுபோல் குனிந்துகொண்டு, எழுதி எழுதி மற்றவர் பக்கம் தள்ளுகிறார்கள். நாளைக்கு நான் என்னத்தப் போட்டுட்டுப் போற? வாப்பாக்கிட்டச் சொல்லாத. சொன்னா அவர் கடன்பட வேணும். இந்தத் தொனியில் போகிறது பேச்சு. வறிய வீடுகளில் பிள்ளைகள் முதலில் படிக்கும் பாடம் வருமானக் கணக்கு என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் காட்டியதில்லை. கடைசியில் அலி தங்கைக்கு ஒரு பென்சிலைத் தள்ளிவிடுகிறான். அது வாயை மூடுவதற்கான இலஞ்சம், மன்னிப்புக் கேட்பதும் அதே பென்சில்தான்.

அதே காட்சியில் வாப்பா என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பள்ளிக்குரிய பெரிய சீனிக் கட்டியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துக்கொண்டிருக்கிறார். மஜ்லிஸுக்கு வருபவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் பொறுப்பு அவருடையது. ஈரானில் சீனித் துண்டை வாயில் வைத்துக்கொண்டுதான் வெறும் தேத்தண்ணி குடிப்பார்கள். ஸஹ்ரா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிறாள், சீனி இல்லை. முன்னால் குவியலாகச் சீனி கிடக்கிறதே, அதில் எடுங்களேன் என்கிறாள் பிள்ளை. அவர் ஒரு துண்டுகூட எடுப்பதில்லை. அது பள்ளியுடையது. அமானிதம் என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. அறிவுரையும் இல்லை. ஜும்ஆ மேடையில் அரை மணித்தியாலம் பேசியும் விளங்காத ஒன்று இங்கே ஒரு நிமிடத்தில் விளங்குகிறது.

ஆனால் இந்த நேர்மைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மஜீதி தெரிந்தே வைத்திருக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன். இந்த வாப்பா, ரேஸா நாஜியின் அருமையான நடிப்பில், கோபக்காரர். உம்மாவுக்கு உதவி செய்யவில்லை என்று அலியை ஏசுகிறார். நீ இப்ப சின்னப் பிள்ளை இல்லை என்ற தோரணையில் பேசுகிறார், பையனுக்கு ஒன்பது வயது. பிறருடைய ஒரு துண்டுச் சீனியைத் தொடாதவர், அதே அறையில் தன் மகளுக்கு நாளைக்குப் போடச் சப்பாத்து இல்லை என்பதை அறியவில்லை. அறியவிடாமல் செய்தது பிள்ளைகளின் அன்பு. அதோடு அவருடைய கோபமும் சேர்ந்துதான் செய்தது. அயல்வீட்டு முதிய தம்பதிக்கு உம்மா சூப் அனுப்புகிறார், அலி கொண்டுபோய்க் கொடுக்கிறான். எல்லோரும் நல்லவர்கள். கெட்டவன் என்று ஒருவன் இந்தப் படத்தில் கிடையாது. சப்பாத்தைக் கொண்டுபோனவரும் களவெடுக்கவில்லை.

பிறகு அந்தச் சப்பாத்து ரோயா என்ற பிள்ளையின் காலில் இருப்பதை ஸஹ்ரா காண்கிறாள். அண்ணனும் தங்கையும் அவள் வீடுவரை பின்தொடர்ந்து போகிறார்கள், கேட்டு வாங்கிவிடுவதென்ற முடிவோடு. வீட்டிலிருந்து ரோயாவின் தகப்பன் வெளியே வருகிறார். அவருக்குக் கண் தெரியாது, பிள்ளைதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாள். இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி நடக்கிறார்கள். தங்களுக்கு ஹக்கான ஒன்றை, தங்களைவிடக் கஷ்டப்பட்டவர் என்று கண்டவுடன் விட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில் நான் மூன்று தடவையும் கலங்கியிருக்கிறேன், இனியும் கலங்குவேன். ஆனால் மூன்றாம் தடவை ஒரு கேள்வியும் வந்தது. இந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியவர்கள் ஏன் எப்போதும் ஏழைகளாகவே இருக்கிறார்கள்? ரோயாவுக்கும் ஸஹ்ராவுக்கும் இடையில் ஒரு சோடிச் சப்பாத்து. அந்த நகரத்தில் வேறு சப்பாத்தே இல்லையா?

இருக்கிறது. வடக்குத் தெஹ்ரானில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒன்றில் வாப்பாவும் மகனும் ஒரே சைக்கிளில் தோட்டவேலை தேடி அந்தப் பக்கம் போகிறார்கள். உயர்ந்த மதில்கள், பூட்டிய கதவுகள், கதவருகே குரல் மட்டும் வரும் கருவி. வாப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. வீட்டில் அவ்வளவு சத்தம் போடுபவர் அந்தப் பெட்டிக்கு முன்னால் திக்குகிறார், ஓடுகிறார். கடைசியில் அலிதான் பேசி வேலை பெற்றுக் கொடுக்கிறான். இந்தப் பகுதி படத்தின் நகைச்சுவையும் கூர்மையும் ஒன்றாகச் சேரும் இடம். ஆனால் அதற்குப் பிறகு மஜீதி இலேசான வழியை எடுக்கிறார். கதவைத் திறப்பவர் ஒரு அன்பான கிழவர், விளையாடத் துணையில்லாத ஒரு பேரன். பணக்காரருக்குத் தனிமை, ஏழைக்குப் பாசம் என்று பங்கிட்டுவிடுகிறார். நம் சினிமாவில் காலாகாலமாகப் பார்த்துச் சலித்த பங்கீடு இது. கைநிறையக் காசோடு திரும்பி வரும்போது சைக்கிளின் பிரேக் பிடிக்காமல் போவதும் அப்படித்தான். பாறாங்கல்லை மலையுச்சிக்கு உருட்டியவன் கையிலிருந்து அது உருண்டே தீரவேண்டும் என்று இயக்குநர் முடிவெடுத்துவிட்டார். அதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

ஆனால் அந்தச் சைக்கிள் பயணத்தில்தான் முக்கியமான ஒன்று நடக்கிறது. இனி இப்படி உழைத்தால் அது வாங்கலாம், இது வாங்கலாம் என்று வாப்பா கனவு கண்டுகொண்டு வருகிறார். அலி இடையில் புகுந்து, ஸஹ்ராவுக்குச் சப்பாத்து வேண்டும் என்று சொல்கிறான். அவரும் வாங்குவோம் என்கிறார். படம் முழுவதிலும் ஒரு பெரியவரிடம் அந்தப் பிள்ளை சப்பாத்து என்று வாய்திறந்து கேட்டது இந்த ஒரு தடவைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டிவரும்.

இனி அதிபர். அலி மூன்று தடவை பிந்தி வந்து அகப்படுகிறான். வாசலில் நிற்கும் அதிபர் ஏன் என்று கேட்கிறார், கண்டிக்கிறார், மூன்றாவது தடவை வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறார். நல்லவேளை, வகுப்பாசிரியர் வழியில் கண்டு, கெட்டிக்காரப் பிள்ளை என்று பரிந்து பேசி உள்ளே எடுக்கிறார். அந்த அதிபர் கொடுமைக்காரர் அல்ல. தன்னுடைய வேலையைச் செய்கிறார். குனிந்து அந்த நனைந்த சப்பாத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை இந்தப் படத்தைப் பார்த்தபோது அந்த அதிபர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை. காரணத்தைச் சொல்லவேண்டும். 2022இல் நமது பணவீக்கம் 70 வீதத்தை எட்டிய நாட்களில், நான் கற்பித்த பாடசாலையில் காலையில் வாசலில் நின்று பிந்தி வருவோரைப் பதியும் பொறுப்பு என்னுடையது. எட்டாம் தரத்துப் பையன் ஒருவன் கிழமைக்கு இரண்டு நாள், மூன்று நாள் வரமாட்டான். வந்தாலும் பிந்தித்தான். “ஏன் மகன்?” என்று கேட்டால் பேசாமல் நிற்பான். பதிவுப் புத்தகத்தில் ‘காரணம் இல்லை’ என்று நானே எழுதியிருக்கிறேன். வருட முடிவில் வரவு இடாப்பைக் கூட்டிக்கொண்டிருந்த சக ஆசிரியை ஒருவர்தான் கண்டுபிடித்தார்: ஒன்பதாம் தரத்தில் படித்த அவனுடைய நானா வந்த நாட்களில் இவன் வரவில்லை, இவன் வந்த நாட்களில் நானா வரவில்லை. இரண்டு இடாப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பல்லுச் சக்கரம்போல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியது. வீட்டில் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்துத்தான். எங்கள் பாடசாலை இருவேளை நடப்பதல்ல. ஆகவே அவர்களுக்கு அலி, ஸஹ்ராவின் வசதிகூட இருக்கவில்லை. ஓடி வந்து மாற்ற வழியில்லை, நாளை மாற்றிக்கொண்டார்கள்.

அந்தப் பிள்ளைகளிடம் தாங்கும் திறன் இருந்தது. நிறையவே இருந்தது. அதன் செலவு ஆளுக்கு அரை வருடப் படிப்பு. அதனால்தான் மேடையில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்கு ஒருமாதிரி இருக்கிறது. ஸப்ரைப் பற்றி நம் மார்க்கம் சொல்வது அனைத்தும் எனக்கு ஏற்புடையதே. ஆனால் பொறுத்துக்கொள் என்று கஷ்டப்படுகிறவனுக்குச் சொல்வது ஸப்ரைப் போதிப்பதாகாது, பல வேளைகளில் அது நம்முடைய பொறுப்பைக் கைகழுவுவதுதான். ஸகாத்தும் ஸதகாவும் மற்றவனுடைய பொறுமையை இரசிப்பதற்காக விதிக்கப்பட்டவை அல்லவே.

இப்போது ஸஹ்ராவைப் பற்றி. பெரும்பாலான விமர்சனங்கள் இவளை அழகான சின்னத் தங்கை என்று தட்டிக்கொடுத்துவிட்டு அலியிடம் போய்விடுகின்றன. கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் அலி எவ்வளவு ஓடுகிறானோ அவளும் அவ்வளவு ஓடுகிறாள். அதுவும் தன் காலுக்குப் பெரிதான, அழுக்கான, ஆண்பிள்ளைச் சப்பாத்தில். அது கழன்று தெருவோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து ஓட, அவள் பின்னால் ஓடும் காட்சி இறுதிப் போட்டியைவிடப் பதற்றமானது. பரீட்சையைக்கூட அவசர அவசரமாக எழுதி முடித்துவிட்டு ஓடுகிறாள். ஆனால் போட்டி என்று வந்தால் அது ஆண்பிள்ளைகளுக்குரியது. ஸஹ்ராவின் ஓட்டத்துக்குக் கிண்ணமும் இல்லை, படப்பிடிப்பாளரும் இல்லை. அலி ஓடும்போது அவளுடைய குரலும் அவள் ஓடும் காட்சிகளும் இடையிடையே வருகின்றன. மஜீதி இதை அறிந்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. இருந்தும் அவளுக்கு அதைவிட வேறொன்றும் கொடுக்கவில்லை. நம் வீடுகளிலும் கஷ்டம் வந்தால் யாருடைய பொறுமை முதலில் செலவாகிறது என்பதை இந்தச் சஞ்சிகை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஈரானியப் படங்களில் ஏன் இத்தனை பிள்ளைகள் என்று கேட்பவர்கள் உண்டு. 1965இல் தொடங்கப்பட்ட, பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கான ‘கானூன்’ நிறுவனம் ஒரு காரணம். அப்பாஸ் கியரோஸ்தமி அங்கேதான் 1970இல் தன் முதற்படத்தை எடுத்தார், இந்தப் படத்தின் தயாரிப்பும் அவர்களுடையது. இன்னொரு காரணம், புரட்சிக்குப் பின்வந்த தணிக்கை விதிகள். கணவன் மனைவியைக்கூட வீட்டுக்குள் இயல்பாகக் காட்டுவது கடினமாகிவிட்டது. உம்மா தன் வீட்டுக்குள்ளேயே முக்காடு கழற்றாமல் இருப்பதை நம் வாசகர்கள் கவனித்திருப்பீர்கள், பார்வையாளன் அந்நிய ஆண் என்ற கணக்கு. பிள்ளைகளைக் காட்டும்போது இந்தச் சிக்கல்கள் குறைவு. ஆனால் அதைத் தப்பும் வழியாக மட்டும் எல்லோரும் பாவிக்கவில்லை. ஜஃபர் பனாஹியின் ‘வெள்ளைப் பலூன்’ (1995) கடைசியில் யாரைக் காட்டி நிற்கிறது? வீட்டுக்குப் போக வழியில்லாத ஆப்கானியப் பலூன்காரப் பையனை. தங்கமீன் வாங்கிய பிள்ளைகள் அவனை மறந்து போய்விடுகிறார்கள். அந்தக் கடுமை மஜீதியிடம் இல்லை. அவர் யாரையும் தெருவில் விட்டுவிட்டுப் போக மனம் இல்லாதவர். அது அவருடைய பலம், பலவீனமும் அதுவே.

போட்டிக்கு வருவோம். மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து. அதை வென்று, கடையில் கொடுத்துப் பெண்பிள்ளைச் சப்பாத்தாக மாற்றித் தருவதாக அலி தங்கையிடம் சொல்லிவிட்டான். தெரிவு நாளைத் தவறவிட்டதால் உடற்பயிற்சி ஆசிரியரிடம் அழுது கெஞ்சி இடம்பிடிக்கிறான். ஓட்டத்தில் வேண்டுமென்றே இரண்டு பேரை முன்னே விடுகிறான். தன்னைவிட நல்லாக ஓடுபவர்களை அல்ல, தனக்குத் தேவையான எண்ணிக்கையை. பிறகு யாரோ தள்ளிவிட விழுகிறான், எழுகிறான், இடத்தைக் கணக்குப்பார்க்க முடியாமல் கண்மூடித்தனமாக ஓடி முதலாவதாக விழுகிறான். மெதுவியக்கமும் இசையும் இங்கே கொஞ்சம் அதிகம், நிறுத்தியிருக்கலாம். ஆனால் விழுந்தவனைத் தூக்கும் ஆசிரியரிடம் அவன் கேட்கும் முதற்கேள்வி, நான் மூன்றாவதா என்பது. ஆசிரியர் சிரிக்கிறார். தோளில் தூக்குகிறார்கள். கிண்ணம், படம். அவன் நிமிர்ந்து பார்க்கும்போது கண் நிறையத் தண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்று அங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். பரிசளிப்பு விழாப் பேச்சாளரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வருகிறான். ஸஹ்ரா முற்றத்தில் நிற்கிறாள். முகத்தைப் பார்க்கிறாள், காலைப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போகிறாள். அலி கிழிந்துபோன சப்பாத்தைக் கழற்றி, கொப்பளித்த கால்களை முற்றத்துத் தொட்டியில் விடுகிறான். அந்தத் தொட்டிக்கு ஈரானில் ‘ஹவ்ஸ்’ என்று பெயர். நம் பள்ளிகளில் வுழூச் செய்யும் ஹவ்ளும் அதே அறபுச் சொல்தான், அதிலும் நாம் மீன் விடுகிறோம். மீன்கள் வந்து அவன் கால்களைச் சுற்றி மொய்க்கின்றன. படம் முடிகிறது.

ஆனால் அதற்குச் சற்று முன்னே ஒரு காட்சி வந்து போகிறது. கடைத்தெருவில் வாப்பாவின் சைக்கிள். வாங்கிய சாமான்களோடு பின்னால் இரண்டு சோடிப் புதுச் சப்பாத்து, ஒன்று பெண்பிள்ளையுடையது. சில வினாடிகள்தான். முதல் தடவை எனக்கு அது கண்ணில் படவேயில்லை. பிள்ளைகளுக்கும் அது தெரியாது. படம் முடியும்போதும் தெரியாது. ஓட்டத்தில் வென்று சப்பாத்து வரவில்லை. பொறுத்திருந்ததாலும் வரவில்லை. சைக்கிளில் வரும்போது ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டானே, அது வந்திருக்கிறது. இந்தக் காட்சியைச் சேர்த்து மஜீதி படத்தின் கனதியைக் குறைத்துவிட்டார் என்று நண்பர் ஒருவர் வாதாடுவார். அது இல்லாமல் படம் முடிந்திருந்தால் இன்னும் சுட்டிருக்கும் என்பது அவர் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பே சொல்லியிருந்தால் எத்தனை ஓட்டம் மிச்சப்பட்டிருக்கும் என்று அந்த இரண்டு சோடியும் கேட்பதுதான் எனக்குச் சுடுகிறது.

தமிழில் இதையே ‘அக்கா குருவி’ என்று 2022இல் சாமி எடுத்தார். சிங்கப்பூரில் ஜாக் நியோ 2003இல் ‘ஹோம் ரன்’ ஆக்கினார். ஒப்பிட்டு எழுத அவற்றில் விசயம் உண்டு, இன்னொரு தடவை பார்க்கலாம்.

அந்த வருட முடிவில் ஒன்பதாம் தரத்துக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முடிந்தபிறகு வாப்பாவின் சைக்கிளைக் கண்டவர்கள் யார் என்று கேட்டேன். நாலைந்து பேர்தான் கையை உயர்த்தினார்கள். மற்றவர்களுக்காக அந்த இடத்தைத் திரும்பவும் ஓடவிட்டோம். பின்வரிசையில் இருந்த பிள்ளை ஒன்று எழும்பி, “சேர், சப்பாத்துட அளவு வாப்பாக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு பிள்ளை சொன்னது: “ராவைக்கு நித்திரையில கால அளந்திருப்பாரு.”